வெள்ளிக்கிழமைப் பெயர்கள்

கிள்ளான் பக்கத்துத் தமிழ்ச் சபைகளில் யாருடைய கைப்பேசியை எடுத்துப் பார்த்தாலும் ஒரு ஜெபக் குழுவாவது இருக்கும். சபைக்கு ஒன்று, செல் குரூப்புக்கு ஒன்று, மாதர் சங்கத்துக்கு ஒன்று. விடியற்காலையிலேயே வசனம் வந்துவிடும். அதன் பின்னால் விண்ணப்பங்கள் வர ஆரம்பிக்கும். தம்பி எஸ்பிஎம் எழுதுகிறான், மாமாவுக்கு பைபாஸ், அக்கா மகளுக்கு நல்ல வரன் அமைய வேண்டும், வீட்டுக் கடன் கிடைக்க வேண்டும். கீழே கைகூப்பும் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழும்.

இந்தப் பழக்கத்தில்தான் நான் வளர்ந்தேன். கைப்பேசி இல்லாத காலத்தில் என் பெரியம்மா ஒரு கோடு போட்ட நோட்டில் பெயர்களை எழுதி வைத்திருப்பார். தோட்டத்து லயத்தில் வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டம் முடிந்து கோப்பி வரும் நேரத்தில் அந்த நோட்டும் ஒரு சுற்று வரும். அவரவருக்குத் தெரிந்த கஷ்டத்தை அவரவர் எழுதுவார்கள். ஆகவே ஜெபத்தைப் பற்றி வெளியே நின்று பேச எனக்கு வராது. ஜெபம் கேட்கப்படுகிறது என்று முழுமனதாக நம்புகிறவள் நான்.

ஆனால் சில வருடங்களாக ஒரு விஷயம் மனதில் கிடந்து உறுத்துகிறது. நம் ஜெபங்களை நாம் இரண்டாகப் பிரித்து வைத்துவிட்டோம். "ஆண்டவரே, எனக்கு வழி காட்டும்" என்பது ஒரு பக்கம். வேலை, கல்யாணம், வீடு, வெளிநாடு எல்லாம் அதில் அடங்கும். "அவருக்கு இரங்கும்" என்பது இன்னொரு பக்கம், அது மற்றவர்களுக்கு. முதலாவதில் நேரம் அதிகம் போகிறது, கண்ணீரும் அதிகம். இரண்டாவது பெரும்பாலும் ஒரு கைகூப்பும் படத்தோடு முடிந்துவிடுகிறது. சபையின் சரித்திரத்தையும் வேதத்தையும் திரும்பத் திரும்பப் பார்த்தால், வழி தெரிந்தவர்களில் அநேகர் தங்களுக்காக வழி கேட்டுக்கொண்டிருந்தவர்கள் இல்லை. யாரோ ஒருவருக்காக மன்றாடிக்கொண்டிருந்தபோதுதான் அவர்களுக்கு வழி திறந்திருக்கிறது. இந்தப் பதிவில் அதைத்தான் சொல்லப்போகிறேன்.

முதலில் நம் மலேசியாவோடும் தமிழ்நாட்டோடும் சேர்ந்தே தொடர்புள்ள ஒருவர். புனித பிரான்சிஸ் சவேரியார். முத்துக்குளித்துறைப் பரதவர்களோடு இருந்தார், மலாக்காவுக்கு வந்தார் என்பது எல்லாருக்கும் தெரியும். அங்கிருந்து இங்கே எப்படி வந்தார் என்பது அவ்வளவாகத் தெரியாது.

1545ன் தொடக்கத்தில் அவருடைய எண்ணமெல்லாம் யாழ்ப்பாணத்தின் மேல் இருந்தது. முந்தின வருடம்தான் மன்னாரில் ஞானஸ்நானம் பெற்ற நூற்றுக்கணக்கானவர்களை யாழ்ப்பாண மன்னன் சங்கிலி கொன்றிருந்தான். மன்னனுக்கு எதிராகப் போர்த்துக்கீசியப் படை கிளம்பும் என்று சவேரியார் நாகப்பட்டினத்தில் காத்திருந்தார். அந்த நேரத்தில் பெகுவிலிருந்து வந்த ஒரு போர்த்துக்கீசியக் கப்பல் யாழ்ப்பாணக் கரையில் தரைதட்டியது. சரக்கு மன்னன் கைக்குப் போனது. சரக்கை மீட்பதுதான் அதிகாரிகளுக்கு முக்கியமாகப் பட்டது, படையெடுப்பு நின்றுபோனது. அது நின்றது நல்லதற்குத்தான் என்று நான் நினைக்கிறேன். ஒரு படையின் பின்னால் போய்ச் சேரும் சுவிசேஷத்தை நம் ஜனங்கள் எத்தனை தலைமுறை சுமந்திருக்க வேண்டியிருக்கும்! சரி, குமரிப் பக்கம் திரும்பிவிடலாம் என்று பார்த்தார். எதிர்க்காற்று விடவில்லை. நினைத்த இடத்துக்கும் போக முடியவில்லை, வந்த இடத்துக்கும் திரும்ப முடியவில்லை. அப்படித்தான் மயிலாப்பூர் போய்ச் சேர்ந்தார்.

அங்கே அப்போஸ்தலர் தோமாவின் கல்லறை. ஏறக்குறைய நான்கு மாதம் சவேரியார் அங்கே இருந்தார், அதன் அருகே நேரம் போவது தெரியாமல் ஜெபித்தார். மக்காசார் தீவில் இரண்டு அரசர்கள் கிறிஸ்தவர்களாகிவிட்டார்கள், போதிக்க ஆள் இல்லை என்ற செய்தி அவர் காதுக்கு எட்டியிருந்தது. அந்த ஜனங்களுக்காக மன்றாடியபோதுதான் மலாக்காவுக்குப் போக வேண்டும் என்பது அவருக்குள் உறுதியானது. அந்த வருடம் மே மாதம் சாந்தோமிலிருந்து எழுதிய கடிதத்தில், தேவன் தம் சித்தத்தை உள்ளத்தில் உணரச் செய்தார், மிகுந்த ஆறுதல் கிடைத்தது என்கிறார். போர்த்துக்கீசியக் கப்பல் கிடைக்காவிட்டால் வேறு எந்தக் கப்பலிலாவது போவேன், ஒரு கட்டுமரம்தான் கிடைத்தாலும் கிளம்பிவிடுவேன் என்ற உறுதி அதில் இருக்கிறது. செப்டம்பர் கடைசியில் மலாக்கா வந்து சேர்ந்தார்.

இதற்குப் பிறகு நடந்ததைத்தான் நாம் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம். எந்த மக்காசாருக்காக அவர் கிளம்பினாரோ, அங்கே அவர் போகவே இல்லை. மலாக்காவில் காத்திருந்தும் அங்கிருந்து சரியான செய்தி வரவில்லை. 1546 ஜனவரியில் மலுக்குத் தீவுகளுக்குக் கப்பலேறினார். திரும்பி வந்தபோது, 1547 டிசம்பரில், அதே மலாக்காவில் அஞ்சிரோ என்ற ஜப்பானியர் அவரைத் தேடி வந்தார். அந்தச் சந்திப்பு அவரை 1549ல் ஜப்பானுக்கு அழைத்துப்போனது. மயிலாப்பூரில் கிடைத்த நடத்துதல் பொய்யா? நான் அப்படி நினைக்கவில்லை. அவருக்குக் காட்டப்பட்டது அடுத்த துறைமுகம் வரைதான். முழு வரைபடத்தையும் கேட்டு அடம்பிடிக்கிறவர்கள் நாம்தான்.

பெட்டாலிங் ஜெயா ஜாலான் காசிங்கில் அவர் பெயரில் இருக்கும் ஆலயத்தை இன்றும் அவருடைய இயேசு சபையினர்தான் பார்த்துக்கொள்கிறார்கள். அந்தச் சபையை ஆரம்பித்த இஞ்ஞாசியார் தேவ சித்தத்தை ஆராய்ந்து பார்ப்பதற்குச் சில விதிகளை எழுதிவைத்தார். நான் மெதடிஸ்ட் சபைக்காரி. ஆனால் அவற்றில் ஒன்றை என் வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லியிருக்கிறேன்: மனம் வறண்டு, இருண்டு, சோர்ந்து கிடக்கும் நேரத்தில், முன்பு தெளிவாக இருந்தபோது எடுத்த தீர்மானத்தை மாற்றாதே. இந்த ஒரு விதியைக் கடைப்பிடித்திருந்தால் எத்தனை குடும்பங்கள் அவசரமாக எதையும் உடைத்துக்கொள்ளாமல் இருந்திருக்கும்!

சவேரியார் கதையைப் போலவே அப்போஸ்தலர் நடபடிகளில் ஒன்று உண்டு, பதினாறாம் அதிகாரத்தில். பவுலும் கூட இருந்தவர்களும் ஆசியாவுக்குப் போகப் பார்க்கிறார்கள், தடை. பித்தினியாவுக்குப் போகப் பார்க்கிறார்கள், அங்கேயும் தடை. துரோவாவில் இரவில் பவுலுக்குத் தரிசனம்: மக்கெதோனியா தேசத்தான் ஒருவன் நின்று உதவிக்கு அழைக்கிறான். தரிசனம் பார்த்தது ஒரே ஒருவர். ஆனால் அது தேவனுடைய அழைப்புத்தான் என்று முடிவுக்கு வந்தவர்கள் எல்லாருமாகச் சேர்ந்து. அந்த இடத்தில் லூக்கா எழுதும் விதமே மாறி, "நாங்கள்" என்று வந்துவிடுகிறது. சரி, போய்ச் சேர்ந்தார்களே, அந்த மக்கெதோனிய மனிதன் வரவேற்றானா? இல்லை. பிலிப்பி பட்டணத்துக்கு வெளியே ஆற்றோரம் ஜெபம் செய்ய வந்திருந்த பெண்கள்தான் அவர்களை எதிர்கொண்டார்கள். வியாபாரம் செய்யும் லீதியாள் வீட்டைத் திறந்தாள். தரிசனம் ஆணாகத் தெரிந்தது, திறந்த வாசல் பெண்களுடையது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வெள்ளிக்கிழமை ஜெபத்துக்குக் கூடும் நம் பெண்கள்தான் ஞாபகத்துக்கு வருவார்கள்.

என் அண்ணன் மகள் போன மாதம் வந்து உட்கார்ந்தாள். சிங்கப்பூரில் ஒரு வேலை, இங்கே சுபாங்கில் ஒரு வேலை. அங்கே சம்பளம் கூட, இங்கே அப்பா அம்மாவுக்குப் பக்கத்தில் இருக்கலாம்.

"அத்தை, உபவாசம் எல்லாம் இருந்து பார்த்துட்டேன். கர்த்தர் ஒண்ணுமே பேச மாட்டேங்கிறாரு."

"வேற யார் பேசினா?"

"கூட்டத்துக்கு வந்த ஊழியக்காரர் ஒருத்தர், தெற்கே வாசல் திறக்குதுன்னாரு."

"அவருக்கு உன்னைத் தெரியுமா?"

"இல்ல. கைய தலையில வச்சுச் சொன்னாரு."

தீர்க்கதரிசன வரம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். வேதம் அதை அவமதிக்கக் கூடாது என்கிறது, அதே மூச்சில் சோதித்துப் பார்க்கவும் சொல்கிறது. நாம் முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டோம். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில், வெளியிலிருந்து வந்த ஒருவர், "வேலையை விட்டுவிடு, தொழிலில் ஆசீர்வாதம் இருக்கிறது" என்று சபை நடுவே அறிவித்தார். அந்தத் தம்பி வேலையை விட்டான். தொழில் வரவில்லை, கடன் வந்தது. அறிவித்தவர் அடுத்த ஊருக்குப் போய்விட்டார். அந்தத் தம்பியின் மனைவி ஆலயத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

1 இராஜாக்கள் பதின்மூன்றாம் அதிகாரத்தை ஞாயிற்றுக்கிழமைகளில் யாரும் பிரசங்கிப்பதில்லை. பெத்தேலுக்கு அனுப்பப்பட்ட தேவமனிதனிடம், சாப்பிடாமல் குடிக்காமல் வேறு வழியாகத் திரும்பு என்று கட்டளை தெளிவாக இருந்தது. கிழவனான ஒரு தீர்க்கதரிசி வந்து, தேவதூதன் எனக்குச் சொன்னான் என்று பொய் சொல்லி அவனை வீட்டுக்கு அழைத்துப்போகிறான். நம்பிப் போன தேவமனிதன் வழியில் சிங்கத்திடம் மாண்டுபோகிறான். பொய் சொன்ன கிழவன் அவனைத் தன் கல்லறையில் அடக்கம் செய்து அழுகிறான். வயதையும் பட்டத்தையும் பார்த்து ஒருவருடைய வார்த்தையை ஆண்டவர் வார்த்தையாக எடுத்துக்கொள்வது எவ்வளவு ஆபத்து என்பதை இதைவிட அழுத்தமாக வேதம் வேறெங்கும் சொல்லவில்லை.

டிசம்பர் 31 இரவு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுக்கிறோமே, அது எனக்கு மிகவும் பிரியமானது. அதில் வரும் வசனம் வருடம் முழுக்க என்னைத் தாங்கியிருக்கிறது. ஆறுதலுக்காக அதை எடுக்கலாம், உத்தரவுக்காக எடுக்கக் கூடாது என்பது என் அபிப்பிராயம். எங்கள் சபைகளின் தகப்பனான ஜான் வெஸ்லியே 1739ல் பிரிஸ்டலுக்குப் போகலாமா வேண்டாமா என்று வேதத்தைத் திறந்து பார்த்தார், பிறகு கூட்டமாகச் சீட்டும் போட்டார். அந்தப் பயணம்தான் அவரைத் திறந்த வெளியில் சுரங்கத் தொழிலாளிகளுக்குப் பிரசங்கிக்க வைத்தது. தேவன் சீட்டையும் பயன்படுத்துவார். ஆனால் சீட்டு போட்ட அன்று அவரைச் சுற்றி, அவரை அறிந்த, அவருக்காக ஜெபிக்கிற ஒரு கூட்டம் இருந்தது. சீட்டை மட்டும் எடுத்துக்கொண்டு கூட்டத்தை விட்டுவிட முடியாது.

அண்ணன் மகளிடம் நான் கேட்டது வேறு. "இப்ப நீ யாருக்காக ஜெபம் பண்ணிக்கிட்டிருக்க?" அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. "எனக்காகத்தான் அத்தை," என்றாள்.

மத்தேயு ஒன்பதாம் அதிகாரக் கடைசியைப் பாருங்கள். அறுப்புக்கு ஆட்கள் இல்லை, ஆட்களை அனுப்பும்படி அறுப்புக்கு எஜமானிடம் கேளுங்கள் என்று இயேசு சீஷர்களிடம் சொல்கிறார். பக்கத்தைத் திருப்பினால் பத்தாம் அதிகாரம், அந்தப் பன்னிரண்டு பேரையே அனுப்புகிறார். ஜெபித்தவர்களே ஜெபத்துக்குப் பதிலானார்கள். அந்தியோகியா சபையிலும் இதுவே நடந்தது. ஐந்து பேர் பெயரை லூக்கா எழுதுகிறார். அவர்கள் ஆராதித்து உபவாசித்துக்கொண்டிருந்தபோது பரிசுத்த ஆவியானவர் பேசுகிறார். பர்னபாவும் சவுலும் அனுப்பப்படுகிறார்கள். தங்கள் எதிர்காலம் என்ன என்று அவர்கள் கேட்டதாக அங்கே ஒரு வார்த்தையும் இல்லை.

பிரிக்ஃபீல்ட்ஸில் சீயோன் லூத்தரன் ஆலயத்தைத் தாண்டிப் போகும்போது எனக்குத் தரங்கம்பாடி நினைவு வரும். இங்கே குடியேறிய தமிழ் லூத்தரன் குடும்பங்களின் வேர் அங்கே, 1706ல் சீகன்பால்க் வந்து இறங்கிய கரையில். அந்தத் தரங்கம்பாடிக் கடிதங்கள் ஜெர்மனியில் ஹாலே நகரத்துக்குப் போயின. அங்கே பிராங்கேயின் பள்ளியில் படித்த சின்சென்டார்ஃப் என்ற சிறுவன் அவற்றை வாசிக்கக் கேட்டு வளர்ந்தான். பெரியவனானதும் தன் நிலத்தில் அகதிகளுக்கு இடம் கொடுத்தான். அது ஹெர்ன்ஹூட் என்ற ஊரானது. வந்தவர்களுக்குள் ஓயாத சண்டை. 1727 ஆகஸ்டில் அவர்கள் ஒருமனப்பட்டார்கள். 24 ஆண்களும் 24 பெண்களும் மணிக்கணக்குப் பிரித்துக்கொண்டு, இரவும் பகலும் விடாமல் மன்றாட ஆரம்பித்தார்கள். அந்த ஜெபச் சங்கிலி நூறு வருடத்துக்கு மேல் அறுபடவில்லை.

ஐந்து வருடத்தில், 1732ல், அந்தச் சிறிய ஊரிலிருந்து இரண்டு பேர் கரீபியன் கடலில் உள்ள செயின்ட் தாமஸ் தீவின் அடிமைகளிடம் போனார்கள். ஒருவர் குயவர், மற்றவர் தச்சர். மற்றவர்களுக்காக மணிக்கணக்காக மன்றாடிய ஊரில் எவராலும் வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை. 1760ல் அவர்களில் சிலர் தரங்கம்பாடிக்கே வந்தார்கள். தமிழ்க் கடற்கரையிலிருந்து புறப்பட்ட செய்தி ஒரு சுற்றுச் சுற்றித் தமிழ்க் கடற்கரைக்கே ஆட்களாகத் திரும்பி வந்தது.

நம் காலத்து உதாரணம் வேண்டுமென்றால், 2021 டிசம்பர் 18, சனிக்கிழமை. தாமான் ஸ்ரீ மூடா வெள்ளத்தில் மூழ்கிய இரவு. எங்கள் குழுவில் விண்ணப்பங்கள் வந்து கொட்டின. மாடியில் இருக்கிறோம், தண்ணீர் ஏறுகிறது, பாட்டிக்கு ஆக்சிஜன் வேண்டும், கைப்பேசியில் சார்ஜ் இல்லை. வழக்கம்போல் கைகூப்பும் படங்கள். பிறகு ஒரு சகோதரர் எழுதினார்: "ஜெபம் பண்ணிட்டேன். இனி போட் யார்கிட்ட இருக்குன்னு சொல்லுங்க." ஒருவருக்கு போர்ட் கிள்ளானில் மீன்பிடிக்கும் மலாய் நண்பர் இருந்தார். ஒருவரிடம் போட்டை ஏற்றிவர லோரி இருந்தது. என்னைப் போன்றவர்கள் யார் எந்தத் தெருவில், எந்த மாடியில் என்று பெயர் பெயராக எழுதிச் சரிபார்த்தோம். விடிவதற்குள் அந்தப் பாட்டி வெளியே வந்துவிட்டார். பெட்டாலிங் ஜெயா குருத்வாராவில் சீக்கியச் சகோதரர்கள் பாதிக்கப்பட்டவர்களுக்காக உணவு சமைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அதையும் நான் ஜெபத்தின் கணக்கில்தான் சேர்க்கிறேன்.

அன்று யாரும் "ஆண்டவரே, என்னைப் பற்றிய உமது சித்தம் என்ன?" என்று கேட்கவில்லை. எல்லாருக்கும் அது தெரிந்திருந்தது.

ஜெபத்தைச் சோதனைச்சாலையில் அளந்து பார்த்தவர்களும் உண்டு. ஹெர்பர்ட் பென்சன் என்ற அமெரிக்க மருத்துவரின் குழு ஆறு மருத்துவமனைகளில் பைபாஸ் அறுவை செய்துகொண்ட 1,802 பேரை மூன்று பிரிவாக்கியது. முடிவு 2006ல் வெளியானது. ஜெபிக்கப்பட்டவர்களுக்கும் ஜெபிக்கப்படாதவர்களுக்கும் சிக்கல்களில் வித்தியாசம் இல்லை. தங்களுக்காக நிச்சயம் ஜெபம் நடக்கிறது என்று தெரிந்திருந்த பிரிவில் 59 சதவீதத்தினருக்குச் சிக்கல் வந்தது. மற்ற இரண்டு பிரிவுகளிலும் அது 52, 51 சதவீதம். நாத்திக நண்பர்கள் இதைக் காட்டிக் கேட்கும்போது நம் ஆட்கள் கோபப்படுகிறார்கள். கோபம் எதற்கு? நேர்மையாகச் செய்த ஆய்வு அது. ஆனால் அதில் ஒரு விவரம் இருக்கிறது. ஜெபித்தவர்களுக்கு நோயாளியின் முதல் பெயரும் குடும்பப் பெயரின் முதல் எழுத்தும் மட்டும்தான் கொடுக்கப்பட்டன. முகம் தெரியாது, கட்டில் தெரியாது, போய்ப் பார்க்க முடியாது, சூப் வைத்துக் கொடுக்க முடியாது. நான் அறிந்த மன்றாட்டு அது இல்லை. தேவனை ஒரு மருந்துபோலக் கொடுத்துப் பலனை எண்ணுவது முடியாத காரியம் என்பதுதான் எனக்கு அந்த ஆய்விலிருந்து கிடைத்த பாடம்.

திரும்பவும் சவேரியார். 1546ல் மலுக்குத் தீவுகளிலிருந்து ஐரோப்பாவில் உள்ள தன் தோழர்களுக்கு எழுதுகிறார்: உங்கள் கடிதங்களிலிருந்து நீங்கள் கைப்பட எழுதிய உங்கள் பெயர்களை வெட்டியெடுத்து எப்போதும் என்னோடு வைத்திருக்கிறேன். தான் எடுத்துக்கொண்ட வாக்குறுதியோடு சேர்த்து அந்தத் துண்டுத் தாள்களையும் சுமந்துகொண்டுதான் அவர் தீவு தீவாக அலைந்தார். யாருடைய ஜெபம் தன்னைத் தாங்குகிறது என்று பெயர் பெயராகத் தெரிந்த மனிதர் அவர்.

இப்போது கஷ்டமான இடத்துக்கு வருகிறேன். இதைத் தவிர்த்துவிட்டு மன்றாட்டைப் பற்றி எழுதினால் அது உண்மையான பதிவாக இருக்காது.

2017 பிப்ரவரி 13 அன்று பெட்டாலிங் ஜெயாவில் பாஸ்டர் ரேமண்ட் கோ பட்டப்பகலில் கடத்தப்பட்டார். கறுப்பு வண்டிகள் அவருடைய காரைச் சூழ்ந்து கொண்டுபோனது கேமராவில் பதிவாகியிருந்தது. நாடு முழுக்கச் சபைகள் ஜெபித்தன. சீன, தமிழ், ஆங்கிலச் சபைகள் என்று வித்தியாசம் இல்லாமல் மெழுகுவத்தியோடு கூடி நின்றோம். கத்தோலிக்கர், மெதடிஸ்ட், பெந்தெகொஸ்தே எல்லாரும் ஒரே பெயரைச் சொன்னோம். பேதுருவைச் சிறையிலிருந்து வெளியே கொண்டுவந்த தேவனுக்கு இது பெரிய காரியமா என்றுதான் நானும் நினைத்தேன்.

அவர் வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

2019 ஏப்ரலில் மனித உரிமை ஆணையமான சுஹாகாம், அவரும், அவர் கடத்தப்படுவதற்கு முந்தைய நவம்பரில் பெர்லிஸில் காணாமல் போன அம்ரி சே மாட்டும் காவல்துறையின் சிறப்புப் பிரிவால் கட்டாயமாகக் காணாமல் ஆக்கப்பட்டவர்கள் என்று கண்டறிந்தது. 2025 நவம்பரில் உயர் நீதிமன்றம் அரசாங்கத்தையும் காவல்துறையையும் பொறுப்பாளிகளாக்கித் தீர்ப்பளித்தது. எட்டு வருடத்துக்கு மேல் பாஸ்டரின் மனைவி சுசன்னா லியூ விடவே இல்லை. அம்ரியின் மனைவி நோர்ஹயாத்தியும் விடவில்லை. ஒருவர் கிறிஸ்தவர், ஒருவர் முஸ்லிம். ஒரே விசாரணையில், ஒரே வேதனையில், தங்கள் கணவர்களைத் தேடிய இரண்டு பெண்கள். ஒருவருடைய வழக்கு மற்றவருடைய வழக்கையும் சேர்த்தே தூக்கி நிறுத்தியது.

நாங்கள் கேட்டது இது இல்லை. அவர் வீட்டுக்கு வர வேண்டும் என்றுதான் கேட்டோம். தீர்ப்பு வந்ததை வைத்து, "பார்த்தீர்களா, ஜெபத்துக்குப் பதில்" என்று சொல்ல எனக்கு வாய் வராது. அப்படிச் சொன்னால் அந்தக் குடும்பத்தின் மேல் இன்னொரு பாரத்தை ஏற்றுவது ஆகும். நான் சொல்லக்கூடியது ஒன்றே ஒன்று. அந்தப் பெயரைச் சொல்லி ஜெபித்தவர்களால் அதை மறக்க முடியவில்லை. மறந்துபோகும் என்று நினைத்திருந்தவர்களுக்கு அது பெரிய இடையூறாக இருந்தது. எசேக்கியேல் இருபத்திரண்டில், தேசத்துக்காகத் திறப்பிலே நிற்க ஒரு மனுஷனைத் தேவன் தேடினார், ஒருவனையும் காணவில்லை என்று வருகிறது. இந்தக் காரியத்தில் அவர் இரண்டு பெண்களைக் கண்டார்.

பதில் வராத ஜெபத்தை வேதமும் மறைக்கவில்லை. சோதோமுக்காக ஆபிரகாம் ஐம்பதில் ஆரம்பித்துப் பத்து வரை குறைத்துக் குறைத்துக் கேட்டார், பட்டணம் அழிந்தது. ஆனாலும் அடுத்த நாள் விடிகாலையில், முந்தின நாள் தேவனுக்கு முன்பாக நின்ற அதே இடத்துக்கு ஆபிரகாம் போய் நின்றார் என்று ஆதியாகமம் சொல்கிறது. எனக்கு விசுவாசம் என்றால் அந்த விடிகாலைதான்.

என் அம்மா வீட்டார் கத்தோலிக்கர், கிள்ளான் லூர்து மாதா ஆலயத்துப் பங்கு. அதனால் புனிதர்களின் பரிந்துரை பற்றிய வாக்குவாதம் எங்கள் வீட்டு விசேஷங்களில் பிரியாணியோடு சேர்ந்தே பரிமாறப்படும். "இயேசு இருக்கும்போது அந்தோணியார் எதற்கு?" என்பார் ஒரு சித்தப்பா. "நீ மட்டும் எதுக்கு உன் போதகர்கிட்ட ஜெபம் பண்ணச் சொல்ற?" என்பார் என் தாய்மாமா. உபதேச வித்தியாசம் உண்மையானது, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. நான் புனிதர்களிடம் வேண்டிக்கொள்வதில்லை. ஆனால் கோலாலம்பூர் அந்தோணியார் ஆலயத்தில் செவ்வாய்க்கிழமை நவநாளுக்கு வரும் பெண்களைப் பார்க்கும்போது, அவர்களில் எத்தனை பேர் தங்களுக்கென்று எதுவும் கேட்காமல் மகனுக்காக, மருமகளுக்காக நிற்கிறார்கள் என்று பார்க்கிறேன். ரோமர் எட்டாம் அதிகாரப்படி நமக்காகப் பரிந்து பேசுகிறவர் கிறிஸ்து, நமக்குள்ளே பெருமூச்சோடு வேண்டுதல் செய்கிறவர் ஆவியானவர். நாம் மன்றாடத் தொடங்குவதற்கு முன்பே ஒரு மன்றாட்டு நடந்துகொண்டிருக்கிறது. அதில் போய்ச் சேர்ந்துகொள்கிறோம், அவ்வளவுதான்.

"எழுந்து போய் உதவ முடியாதவர்கள் என்ன செய்வது?" என்று யாராவது கேட்கலாம். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பாட்டி இருக்கிறார், ரயில்வேயில் வேலை பார்த்தவரின் மனைவி, யாழ்ப்பாணத்து வழி. படுக்கைதான். அவர் ஜெபித்த ஆளை மறுநாள் போனில் கூப்பிட்டு விசாரிப்பார். "பிள்ளை, டாக்டர் என்ன சொன்னவர்?" பதிலை வாங்காமல் வைக்கமாட்டார். அப்படிக் கேட்டுக் கேட்டே, செந்தூலில் வாடகைக்கு அறை தேடிய ஒரு பெண்ணையும், தனியாக இருந்த ஒரு அம்மாவையும் இணைத்து வைத்தார். கட்டிலைவிட்டு இறங்காமலேயே இரண்டு வீட்டுப் பிரச்சினையைத் தீர்த்தவர் அவர். எங்கள் குழுவில் தேவனுடைய நடத்துதலை அறிந்தவர் யார் என்று கேட்டால் நான் அவரைத்தான் காட்டுவேன்.

எங்கள் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் இப்போது ஒரு ஒழுங்கு வைத்திருக்கிறோம். "ஒரு சகோதரிக்காக", "ஒரு குடும்பத்துக்காக" என்று பொதுவாகச் சொல்வதில்லை. சம்பந்தப்பட்டவர் சம்மதித்தால் பெயர் சொல்கிறோம். இல்லையென்றால் ஒருவர் மட்டும் அந்தப் பாரத்தை வாங்கிக்கொண்டு போகிறார். ஜெபம் முடிந்ததும் "யார் போய்ப் பார்க்கிறீங்க?" என்று கேட்கிறோம். மாமன்னருக்காகவும் பிரதமருக்காகவும் நீதிபதிகளுக்காகவும் ஜெபிக்கிறோம். ரேமண்ட் கோவின் பெயர் பட்டியலில் இன்னும் இருக்கிறது. யாருக்காவது தீர்க்கதரிசன வார்த்தை கிடைத்தால், அவரை அறிந்த இரண்டு மூன்று பேர் கூட இருக்கும்போதுதான் சொல்ல வேண்டும் என்று போதகர் ஐயா சொல்லியிருக்கிறார். சபையார் ஏற்றுக்கொண்டார்கள்.

இந்த வாரப் பட்டியலில் முதலாவதாக இருப்பவர் பண்டமாரானில் தனியாக இருக்கும் ஒரு தாத்தா. வாரம் மூன்று முறை டயாலிசிஸ். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் வண்டி கிடைத்துவிட்டது. சனிக்கிழமை காலைக்குத்தான் இன்னும் ஆள் இல்லை. கிள்ளான் பக்கம் இருந்து, காலை ஆறு மணிக்கு அவரை ஏற்றிக்கொண்டுபோக முடிந்தவர்கள் எனக்குச் சொல்லுங்கள். கிறிஸ்தவராக இருக்க வேண்டும் என்று இல்லை. படி ஏற அவருக்குக் கை கொடுக்க வேண்டியிருக்கும். பேச்சு கொடுத்தால் தோட்டத்துக் கதைகள் சொல்வார்.